ஐந்து மணி விரல்

"மூடிதானேன்னு நீ சொல்ற. கர்த்தரு சின்னது பெருசுன்னு பிரிச்சுப் பாக்க மாட்டாரு."

"ரிஜெக்ட் மூடிண்ணா. அரைக்கப் போட்டு வச்சிருந்தது. தண்ணி டிரம்முல எலி வுழுதேன்னு எடுத்தேன்."

"கேட்டு எடுத்தியா?"

 சாராள் கேட்கவில்லை, அது உண்மை.

அவள் வீட்டிலிருந்த ஒரே நாற்காலியில் பீட்டர் உட்கார்ந்திருந்தான், மடியில் வேதாகமம். காக்களூர் பக்கெட் கம்பெனியில் அவளுக்கு சூப்பர்வைசர். காலனி சபைக்குச் செயலாளர். அங்கே 'சார்', இங்கே 'அண்ணா'. கம்பெனி கேட்டில் காலனிப் பெண்களின் பைகளை மட்டும்தான் கொட்டிப் பார்ப்பார்கள். நேற்று அவள் பையிலிருந்து மூடி உருண்டது.

"நம்ம சபை ஐயர்கிட்ட பேசிட்டேன். வர்ற ஞாயித்துக்கெழம எழுந்து நின்னு சபை முன்னாடி ஒத்துக்கோ. இல்லேன்னா திடப்படுத்தல் லிஸ்ட்டுலேந்து ஏஞ்சல் பேர எடுத்துடுவோம். திருடி பொண்ணுக்கு இன்னா ராப்போஜனம்?"

உள்ளே பத்துக் கட்டளைகளை மனப்பாடம் செய்துகொண்டிருந்த மகள் ஏஞ்சலின் குரல் சட்டென்று நின்றது. திடப்படுத்தலன்று முதல் ராப்போஜனம் வாங்க அவளுக்காகத் தைத்த வெள்ளை கவுன் ஆணியில் தொங்கியது.

 திருடி. சாராள் தன் வலது கட்டைவிரலைப் பார்த்தாள். தினமும் ஐந்து மணிக்கு அதை பஞ்ச் மிஷினில் வைக்கச் சொல்வது இதே பீட்டர்தான். ஷிஃப்ட் முடிந்ததாகப் பதிவாகிவிடும். உடனே, "உள்ள போங்கம்மா, லோடு நிக்குது" என்று திரும்ப விரட்டுவதும் அவன்தான். ஏழு மணிவரை அவர்கள் லாரியில் ஏற்றும் பக்கெட்டுகளுக்குக் கூலி கிடையாது. ரெண்டு வருஷமாக இதுதான் நடக்கிறது. அதற்கு எந்த ஞாயிற்றுக்கிழமையும் எவரும் எழுந்து நிற்கவில்லை.

"நிக்கிறேண்ணா."

"தோ பாரு, இதான் நல்ல புத்தி."

"கேக்காம எடுத்தது தப்புதான். மொதலாளி சபைக்கு வாங்கிக் குடுத்தாரே, அந்த மைக்குலயே சொல்றேன். சொல்லிட்டு இந்த வெரலயும் காட்டறேன். அஞ்சு மணிக்கு மேல இது எங்க இருந்துச்சுன்னு சொல்றேன்."

பீட்டரின் முகம் கறுத்தது. "இன்னா, மெரட்டுறியா? வேலையில இருக்கணும்னு நெனப்பு கீதா இல்லியா?"

"மூடி கேட்டுலயே திரும்பிப் போயிடுச்சு. ரெண்டு வருசத்துச் சாயங்காலத்த யாருண்ணா திருப்பிக் குடுப்பாங்க?"

"எனுக்கும் மேலேந்து சொல்றாங்கம்மா..." அவன் குரல் இறங்கியது. "நான் இன்னா பண்ணட்டும்?"

உள்ளே ஏஞ்சல் விட்ட இடத்திலிருந்து தொடங்கினாள். ஏழாவது. எட்டாவது. திருட்டைப் பற்றிய கட்டளை அது. அவள் நிறுத்தி, நிதானமாகச் சொன்னாள். பீட்டர் வேதாகமத்தைக் கையிடுக்கில் வைத்துக்கொண்டு எழுந்தான். சாராள் வாசலை மறித்து நின்றாள்.

"ஞாயித்துக்கெழம நான் எழுந்துக்கச் சொல்லோ நீயும் வாண்ணா. ஒண்ணும் பேச வேணா. என் பக்கத்துல வந்து சும்மா நில்லு. நிப்பியா?"