இலைகளுக்குள் ஒரு யானை

மரச்செதுக்கு வேலைக்குப் பேர்போன ஜெபாரா நகரில் தேக்கில் இலையும் கொடியும் செதுக்கத் தெரிந்தவர்கள் தெருவுக்குப் பத்துப் பேர் உண்டு. ஆனாலும் புதிதாக எடுத்துக் கட்டிய பள்ளிவாசலில், இமாம் நின்று தொழவைக்கும் மிஹ்ராப் மாடத்தின் இருபுறமும் வைக்கப் பலகைகள் வேண்டும் என்றபோது, நிர்வாகத் தலைவர் ஹாஜி மஸ்ருஹான் கஸ்மிராவைத்தான் தேடி வந்தார். அவளுக்கு நாற்பத்திரண்டு வயது. ஏழு பள்ளிவாசல்களுக்கு வேலை செய்தவள். மனிதர், மிருகம் எதன் உருவமும் கூடாது என்பதை அவர் சொல்லவும் இல்லை, அவள் கேட்கவும் இல்லை.

வேலை மூன்று மாதம் பிடித்தது. பலகைகளைப் பொருத்திய முதல் வெள்ளிக்கிழமை, ஜும்ஆத் தொழுகை முடிந்து எல்லோரும் செருப்புத் தேடிக்கொண்டிருந்த இடத்தில் பாங்கு சொல்லும் மோதினார் சுகிர் வாயைத் திறந்தார்.

“யாராவது கவனிச்சீங்களா? வலது பக்கப் பலகையில ஒரு யானை நிக்குது.”

“பசி மயக்கமா இருக்கும் உமக்கு,” என்றார் ஒருவர்.

“போய்ப் பாருங்கய்யா. தும்பிக்கைய சுருட்டிக்கிட்டு, எனக்கு ஸலாம் சொல்ற மாதிரியே நிக்குது.”

போய்ப் பார்த்தவர்கள் கண்டார்கள். மடங்கிய ஓர் இலை நெற்றி. விரிந்த இலை காது. கீழே இறங்கி நுனியில் சுருண்ட கொடி தும்பிக்கை. ஒருமுறை யானையாகத் தெரிந்த பிறகு அது மறுபடி இலையாகத் தெரிய மறுத்தது. அடுத்த ஜும்ஆவில் தலைகளெல்லாம் வலப்பக்கம் சாய்ந்திருந்தன. இளம் இமாம் ஃபதோனி இரண்டு முறை பேச்சை நிறுத்தித் தொண்டையைச் செருமினார்.

ஞாயிற்றுக்கிழமை பள்ளிவாசல் முன்கூடத்தில் கூடினார்கள். கஸ்மிராவையும் வரச் சொல்லியிருந்தார்கள். ஹாஜி மஸ்ருஹான் விஷயத்தைச் சுருக்கமாக முடிக்க நினைத்தார்.

“தற்செயலா நடந்துபோச்சுன்னு ஒரு வார்த்தை சொல்லும்மா. கொஞ்சம் செதுக்கிக் கலைச்சுடு. டீயைக் குடிச்சிட்டு எல்லாரும் வீட்டுக்குப் போவோம்.”

கஸ்மிராவுக்கு அந்த நாள் ஞாபகம் இருந்தது. வேலை தொடங்கிய இரண்டாவது மாதம், அந்த இடத்தில் மரத்தில் ஒரு கணு வந்தது. உளி வழுக்கி இலையின் ஓரம் சிதைந்தது. அதை மறைக்கக் கொடியைக் கீழே வளைத்தாள். வளைத்துவிட்டு எட்ட நின்று பார்த்தபோது யானை தெரிந்தது. பழைய காலத்துக் கல்வேலைகளில் இதுபோல் பார்த்திருக்கிறாள்; எட்ட நின்று பார்த்தால் மிருகம், கிட்டே போனால் வெறும் இலையும் பூவும். ஒரே வெட்டில் கலைத்திருக்கலாம். பிடித்திருந்ததால் கலைக்கவில்லை. கணவன் ரோந்தியிடம்கூடச் சொல்லவில்லை.

“மரத்துல கணு வந்தது தற்செயல், ஹாஜியாரே,” என்றாள். “அப்புறம் யானை மாதிரி இருக்குன்னு பாத்தேன். தெரிஞ்சுதான் விட்டேன்.”

ஹாஜியின் முகம் சிவந்தது. “தெரிஞ்சேவா? தொழற எடத்துலயா? உனக்காக ஒவ்வொருத்தர்கிட்டயும் நான் பேசிட்டு வந்திருக்கேன்!”

“பள்ளிவாசலுக்குள்ள உக்காந்துக்கிட்டு எப்படிப் பொய் சொல்றது?”

சுகிர் தரையைப் பார்த்தபடி, “நான் வாயை மூடிக்கிட்டு இருந்திருக்கலாம்,” என்று முணுமுணுத்தார்.

ஃபதோனிதான் பிறகு பேசினார். “அது உருவமா, இலையான்னு நாள் முழுக்க வாதாடலாம், அக்கா. எனக்கு அது வேண்டாம். நான் பேசும்போது முன்னாடி உக்காந்திருக்கறவங்க யானையைப் பாக்கறாங்க. என் கஷ்டம் அதுதான்.”

“அது நியாயம்,” என்றாள் கஸ்மிரா. “நாளைக்கு எடுத்துடறேன்.”

திங்கட்கிழமை, நண்பகல் லுஹருக்கும் மாலை அஸர் தொழுகைக்கும் நடுவே மூன்று உளிகளோடு வந்தாள். தும்பிக்கையை இரண்டு மெல்லிய கொடிகளாகப் பிளந்தாள். காதின் ஓரத்தை இழைத்து, நெற்றியில் ஒரு பூவை வைத்தாள். அடியில் இருந்த கணு கட்டைவிரல் நகம் அளவுக்குக் கறுப்பாக வெளியே வந்தது. அதை மூடவில்லை. வெளுத்துத் தெரிந்த இடங்களில் எண்ணெய் தடவினாள்.

பின்னால் நின்ற சுகிர் தலையை இப்படியும் அப்படியும் சாய்த்துப் பார்த்தார்.

“போயிடுச்சு,” என்றார். குரலில் கொஞ்சம் ஏமாற்றம் இருந்தது.

“நல்லாப் பாத்துக்குங்க. இனிமே மேகத்துல பாத்தாலும் என்னைக் கூப்பிடாதீங்க.”

பள்ளிவாசலின் பிரசங்க மேடை வேலையும் அவள் கைக்கு வருவதாகத்தான் இருந்தது. ஹாஜி அதை வேறு பட்டறைக்குக் கொடுத்துவிட்டார் என்ற செய்தியை ரோந்தி மரக்கடையில் கேட்டுக்கொண்டு வந்தான்.

“ஒரு வார்த்தையை முழுங்கியிருந்தா அந்த வேலை நம்மளுது.”

“ஆமா,” என்றாள் அவள். செமராங் நகரத்துக்குப் போக வேண்டிய அலமாரிக் கதவுகள் பாதியில் கிடந்தன. உளியையும் அதை அடிக்கும் கொட்டாப்புளியையும் எடுத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

தொழுகைக்கு மட்டும் அதே பள்ளிவாசலுக்குப் போய்வந்தாள். பெண்களின் வரிசை பின்னால், வெள்ளைத் திரைக்கு இந்தப் பக்கம். அங்கிருந்து அந்தப் பலகை தெரியாது.