பதினோராவது விதி

எங்கள் பில்லியர்ட்ஸ் கிளப்பில் எனக்கு ஜட்ஜ் என்று பெயர். நான் சட்டம் படித்தவனல்ல. முப்பது வருஷம் பஸ் டிப்போவில் டைம்கீப்பராக இருந்து, எந்த வண்டி எத்தனை நிமிஷம் தாமதம் என்று எழுதி எழுதியே ஓய்வு பெற்றவன். வீட்டில் என் பேச்சுக்கு நாய்கூடத் திரும்பாது. ஆனால் டயர் கடைக்கு மேலே, மூன்று மேசைகளுக்கு நடுவில் கிடக்கும் அந்த மர நாற்காலியில் உட்கார்ந்து நான் வாயைத் திறந்தால் முப்பது பேர் வாயை மூடுவார்கள். அந்த ருசிதான் என்னைக் கெடுத்தது.

எங்கள் சண்டைகளுக்குக் காரணம் ஆட்டமல்ல, சலுகை. மேசையில் எண் போட்ட ஒன்பது பந்துகள். குச்சியால் அடிக்கும் வெள்ளைப் பந்து, இருப்பதில் சின்ன எண்ணை முதலில் தொட வேண்டும். ஒன்பதைக் குழியில் போட்டவன் ஜெயித்தான். வல்லவனும் சுமாரானவனும் மோதினால் பார்க்கிறவனுக்குக் கொட்டாவிதான் வரும். அதனால் சுமாரானவனுக்கு எட்டையும் கொடுப்போம். எட்டைப் போட்டாலும் அவனுக்கு வெற்றி. கொடுக்கும்போது எல்லாருக்கும் தாராள மனசு. அது விழும்போதுதான் வயிறு எரியும். "சொல்லி அடிச்சியா, தானா விழுந்துச்சா?" என்று ஆரம்பித்து அப்பன் பாட்டன் வரை போய்விடும். இதற்காகவே ஒரு நோட்டில் பதினான்கு விதிகள் வகுத்து வைத்திருந்தேன். நோட்டு என் நாற்காலியை ஒட்டிய சின்ன மேசையின் இழுப்பறையில் கிடக்கும். யாரும் அதைக் கேட்டதில்லை. ஜட்ஜே கல்லு மாதிரி உட்கார்ந்திருக்கும்போது நோட்டு எதற்கு?

என் தம்பி வெல்டர். வெல்டராக இருந்தவன். மூன்று வருஷத்துக்கு முன் பட்டறையில் தெறித்த ஒரு துண்டு அவன் இடது கண்ணைக் கொண்டுபோனது. கம்பெனி அவனை கேட்டில் உட்காரவைத்து, வந்துபோகும் லாரிகளின் எண்களை எழுதச் சொன்னது. அன்றிலிருந்து 'பாவம்' என்ற வார்த்தை இல்லாமல் அவனைப் பற்றி யாரும் பேசியதில்லை. சொந்தக்காரர்கள், பக்கத்து வீட்டுக்காரர்கள், அவன் மாமியார்கூட. முன்பு அவனைத் திட்டுவதைத் தவிர வேறு வேலை தெரியாத மாமியார்!

"ஒரே ஒரு நாள்ணே. அந்த வார்த்தை இல்லாம என் பேரை நாலு பேர் சொல்லணும்" என்றான் ஒருமுறை.

ஒற்றைக் கண்ணுக்கு எது முன்னால், எது பின்னால் என்று பிடிபடாது. ஒவ்வொரு அடிக்கும் மேசையை இரண்டு சுற்றுச் சுற்றி, குனிந்து, நிமிர்ந்து கணக்குப் போடுவான். பார்க்கிறவர்கள் சலித்துக்கொள்வார்கள். அவன் சலிக்கவில்லை. அப்படியே இந்த வருஷம் இறுதி ஆட்டத்துக்கு வந்துவிட்டான். ஜெயித்தால் சுவர்ப்பலகையில் பெயர் எழுதுவார்கள். எதிராளி மருந்துக்கடைக்காரர், அந்தப் பலகையில் நான்கு தடவை ஏறியவர். தம்பிக்கு எட்டாம் பந்து சலுகை.

ஞாயிற்றுக்கிழமை பகல் ஆட்டம். தம்பி மனைவி முதல் முறையாக மாடி ஏறி வந்து முன் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். நான் அவள் பக்கம் திரும்பவில்லை. தம்பி கொடுத்த டீயை வாங்கவில்லை. அவன் சிரித்தபோது நான் விட்டத்தைப் பார்த்தேன். நடுநிலையாக இருப்பதில் எனக்கு அவ்வளவு மும்முரம். அந்த மும்முரத்தில், ஒவ்வொரு ஆட்டத்துக்கும் முன்னால் இரண்டு பேரையும் நிறுத்தி நான் கேட்க வேண்டிய கேள்வியைக் கேட்க மறந்துவிட்டேன். சலுகைப் பந்து எப்படி விழுந்தாலும் செல்லுமா, குழியைச் சொல்லி அடித்தால்தான் செல்லுமா என்ற கேள்வி. ஒரு ஜட்ஜுக்கு இருந்த வேலையே அதுதான்.

முதலில் ஏழு ஆட்டம் எடுத்தவனுக்கு வெற்றி; ஆறுக்கு ஆறு என்று வந்து நின்றது. கடைசி ஆட்டம். தம்பி இரண்டாம் பந்தை மூலைக்கு அடித்தான். அது குழியின் விளிம்பில் பட்டுத் திரும்பி ஆறை இடித்தது; ஆறு போய் எட்டைத் தட்டியது; எட்டு நடுக்குழியில் விழுந்தது. ஒரு நொடி யாருக்கும் புரியவில்லை. பிறகு தம்பி மனைவி பெஞ்சிலிருந்து எழுந்துவிட்டாள். தம்பி குச்சியை இரண்டு கையாலும் தலைக்கு மேல் தூக்கினான்.

"இருங்க இருங்க," என்றார் மருந்துக்கடைக்காரர். "சொல்லி அடிச்சாத்தானே எட்டு? இது குருட்டாம்போக்குல விழுந்தது."

அந்த வார்த்தை வாயைவிட்டுப் போன பிறகுதான் அவர் நாக்கைக் கடித்துக்கொண்டார். தம்பி குச்சியை இறக்கினான்.

"எப்படி விழுந்தாலும் எட்டு எட்டுதான்," என்றான் அமைதியாக. "சொல்லித்தான் அடிக்கணும்னு யாரும் எங்கிட்ட சொல்லல."

"எப்படி விழுந்தாலும் செல்லும்னும் யாரும் சொல்லலையே. ஜட்ஜ் சொல்லட்டும்."

முப்பது தலைகள் என் பக்கம் திரும்பின. இழுப்பறையைத் திறந்து நோட்டை எடுத்தேன். பதினோராவது விதி எனக்கு மனப்பாடம், இருந்தும் படித்தேன். 'சலுகைப் பந்து எப்படி விழுந்தால் செல்லும் என்பதை நடுவர் முன்கூட்டியே கேட்க வேண்டும். கேட்காமல் விட்டால் பிசகு நடுவருடையது. பந்து சலுகை வாங்கியவருக்கே செல்லும்.'

சத்தமாகப் படித்திருந்தால் முடிந்தது. தம்பி பெயர் பலகையில். ஆனால் கூடவே வேறொன்றும் ஏறும்: ஜட்ஜ் கேட்க மறந்தார், அந்த மறதியில் அவர் தம்பி ஜெயித்தார். மறந்தாரா, மறந்த மாதிரி நடித்தாரா என்று டயர் கடை வாசல்வரை பேசுவார்கள். தானாடாவிட்டாலும் தன் சதை ஆடும் என்பார்கள். என் சதை ஆடவில்லை என்று காட்ட நான் என்ன செய்தேன் தெரியுமா? நோட்டை மூடினேன்.

"சொல்லாத சலுகை, இல்லாத சலுகை," என்றேன். "எட்டை எடுத்து மேல வைங்க. அடி மருந்துக்கடைக்காரருக்கு."

அப்படி ஒரு விதி பதினான்கிலும் கிடையாது. அந்த நிமிஷத்தில் என் வாயில் பிறந்தது. வேலியே பயிரை மேய்ந்தது, ஊர் கைதட்டியது.

தம்பி வாக்குவாதம் செய்யவில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். மருந்துக்கடைக்காரர் ஐந்து நிமிஷத்தில் மிச்சப் பந்துகளையெல்லாம் போட்டு முடித்துவிட்டார். எல்லாரும் அவரை விட்டுவிட்டு என் கையைத்தான் குலுக்கினார்கள். "கூடப்பொறந்தவன்னுகூட பாக்கலையே, மனுஷன்னா இவர்தான்யா," என்றார் ஒருவர். "ஆனாலும் அந்த வெல்டர் பாவம்," என்றார் இன்னொருவர். தம்பி மனைவி காதில் அது விழுந்தது. கைப்பையை எடுத்துக்கொண்டு கீழே இறங்கிவிட்டாள்.

தம்பி குச்சியை இரண்டாகக் கழற்றி, துணியால் துடைத்து, உறையில் போட்டான். படிக்கட்டுக்குப் போனவன் பின்னால் நானும் போனேன். எனக்கு அவன் திட்ட வேண்டும்போல் இருந்தது.

"ஏதாவது சொல்லேண்டா."

"பதினொண்ணு," என்றான்.

என் எழுத்து கோழி கிண்டிய மாதிரி இருக்கும் என்று அந்த நோட்டைப் படியெடுத்துக் கொடுத்தது அவன்தான். கண்ணில் கட்டோடு படுத்திருந்த நாட்களில், மிச்சமிருந்த கண்ணால், பதினான்கு விதிகளையும் முத்து முத்தாக எழுதினான். சற்று முன் நான் படித்தது அவன் கையெழுத்தை. மூன்று வருஷத்தில் மறந்திருப்பான் என்று நம்பித்தான் நோட்டை மூடினேன்.

"அப்ப ஏண்டா அங்கயே சொல்லல?"

"சொல்லியிருந்தா நான் ஜெயிச்சிருப்பேன். அதுக்கப்புறம் நீ அந்த நாற்காலியில உக்காந்திருக்க முடியுமா? எனக்குப் பொண்டாட்டி இருக்கா, ஒரு வேலை இருக்கு. உனக்கு அது ஒண்ணுதானே இருக்கு."

ஒற்றைக் கண்ணுக்குப் படியின் ஆழமும் தெரியாது. கைப்பிடியைத் தடவிப் பிடித்து ஒரு காலைக் கீழே வைத்தான். பிறகு திரும்பி என்னைப் பார்த்தான். கோபமே இல்லை அவன் முகத்தில்.

"பாவம்ணே நீ," என்றான்.