டோபிக்குப் பதிலாக மெர்லின்

ஓடி ஓடிக் களைத்துப்போன டோபி இடைவேளைக்குப் பிறகு படத்தில் வரும் தண்டவாளத்தின் ஓரம் உட்கார்ந்துவிட்டதால், அவனுக்குப் பதிலாக மெர்லின் திரைக்குள் போக வேண்டியதாயிற்று.

டோபி அந்தக் கார்ட்டூன் படத்தின் நாயகன். பேஸ்பால் பைத்தியம். மைதானத்தைத் தாண்டிப் பறந்த ஒரு பந்தைத் துரத்திக்கொண்டு ஊர் ஊராக ஓடி, கடைசியில் ஒரு கடற்கரையில் அதைப் பிடிப்பான். நாகர்கோவிலில் பேஸ்பால் ஆடுகிறவர்களை ஜெபராஜ் பார்த்ததில்லை, அவருடைய மகள் மெர்லினைத் தவிர. அவள் மொட்டைமாடியில் தனியாக ஆடுவாள். ஆகவே தியேட்டர் மேனேஜர் டார்ச் அடித்து, "இந்த விளையாட்டு தெரிஞ்ச பிள்ள யாராவது உண்டா?" என்று கேட்டதும் அவள் கை தூக்கினாள்.

படம் முடிந்து விளக்கு போட்டார்கள். மெர்லின் வரவில்லை. பந்து எங்கே விழும் என்பது டோபிக்குத்தான் தெரியும், புதுப் பிள்ளைக்குக் கொஞ்சம் நாளாகும் என்றார் மேனேஜர்.

ஜெபராஜ் கடைக்கு லீவு சொல்லிவிட்டு தினமும் முன்வரிசையில் போய் உட்கார்ந்தார். அவள் மலையேறி ஓடினாள், மழையில் ஓடினாள். பின்னாலிருந்த பிள்ளைகள் சிரித்தார்கள். அவளுடைய முகத்தில் நிழல்கள் குறைந்து, கன்னம் ஒரே நிறமாகிக்கொண்டு வந்தது. இடைவேளையில் மட்டும் அவள் நிற்பாள். அப்போது பேசலாம்.

"போதும் மக்களே. இறங்கி வா," என்றார் மகளிடம்.

"பந்து இன்னும் மேலதான் இருக்குப்பா. நான் விட்டுட்டு வந்தா அது யாரு மேலயாவது விழும்."

"அம்மா சாப்பிட மாட்டேங்கா."

மெர்லின் அண்ணாந்து பார்த்தபடியே நின்றாள். "இன்னைக்கு மட்டும் சாப்பிடச் சொல்லுங்க."

அவர் திரையைத் தொட்டுப் பார்த்தார். வெறும் துணிதான்.

வெள்ளிக்கிழமை போனபோது வாசலில் வேறு படத்தின் போஸ்டர் ஒட்டியிருந்தது. மேனேஜர் டோபியைக் கையைப் பிடித்து அழைத்து வந்தார்.

"படம் தூத்துக்குடி போயாச்சு. மகளும் கூடப் போயிட்டா. இவன் இங்க அதிகப்படி, நீங்க கூட்டிட்டுப் போங்க."

அவனை வெறுக்க வேண்டும் என்றுதான் ஜெபராஜ் நினைத்தார். ஆனால் அவன் முழங்கால் இரண்டும் சிவப்பு மையில் சிராய்த்திருந்தன. பக்கவாட்டில் அவனுக்குத் தடிமனே இல்லை. பைக்கில் காற்று தூக்கிவிடாதபடி அவனைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு வந்தார்.

வீட்டில் அவர் மனைவி ஸ்டெல்லா அவனைப் பார்த்தாள். பிறகு ஜெபராஜுக்குப் பின்னால், காலியான வாசலைப் பார்த்தாள்.

"கால் ரொம்ப வலிச்சுது ஆன்ட்டி," என்றான் டோபி.

அவள் பாய் விரித்தாள். படுத்ததும் அவன் காகிதம்போலச் சுருண்டு சுருண்டுகொண்டான்.

"இவனுக்குச் சுவருதான் சரியாகும்," என்றாள்.

இருவருமாகப் பீரோவை நகர்த்தினார்கள். பின்னால் சுவர் ஈரம் கோத்திருந்தது. ஸ்டெல்லா முந்தானையால் துடைத்துவிட்டு, அது காயும்வரை விசிறிக்கொண்டிருந்தாள்.