ஓடலப்பா

மறுபடியும் கம்ப்யூட்டர் டிஸ்க்கைத் துப்பியது. உள்ளே எதுவும் இல்லை என்று திரை சொன்னது. அவள் டிஸ்க்கை எடுத்துச் சட்டை நுனியால் துடைத்தாள். உள்ளங்கைக்குள் அடங்கிவிடும் சின்ன டிஸ்க். மேலே அண்ணனின் கையெழுத்தில் 'அம்மா' என்று மட்டும் எழுதியிருந்தது.

பக்கத்து அறையிலிருந்து அப்பா கேட்டார்.

"ஓடுதா?"

"இன்னும் இல்லப்பா. பாத்துக்கிட்டேதான் இருக்கேன்."

"கிளட்ச்ச மிதிக்காம கியரப் போட்டிருப்ப" என்றார். பேச்சை முடிப்பதற்குள் மூச்சு வாங்கியது.

வாழ்நாளெல்லாம் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்தவர். ஊரில் பாதிப் பேர் அவரிடம் திட்டு வாங்கி லைசென்ஸ் வாங்கியவர்கள். பாதி வழியில் அழுதுகொண்டே வண்டியை விட்டு இறங்கி ஓடியவர்களும் உண்டு. வீட்டிலும் அவருக்கு அதே குரல்தான். அம்மா உப்பைக் கூடப் போட்டாலும் "பிரேக்! பிரேக்!" என்று கத்துவார்.

இனிச் செய்ய ஒன்றுமில்லை என்று ஆஸ்பத்திரியில் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அன்று காலையில், வீட்டோடு இருந்து கவனித்துக்கொள்ளும் நர்ஸம்மா அவர் பாதத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "சில்லுனு ஆயிடுச்சு. உங்க அண்ணன உடனே வரச் சொல்லுங்க" என்றாள். அவன் கிளம்பிவிட்டான். அதற்குப் பிறகுதான் அப்பா அவளைக் கூப்பிட்டு, தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"உங்கம்மா பேசறத ஒரு தடவ கேக்கணும். அந்த சின்ன டிஸ்க்ல இருக்கு."

அவர் எதையும் இப்படிக் கேட்டு அவளுக்குப் பழக்கமில்லை.

பக்கவாதம் வந்து அம்மாவுக்குப் பேச்சு போனபோது அவள் வெளிநாட்டில் புது வேலையில் இருந்தாள். அடுத்த மாதம் வருகிறேன், அடுத்த மாதம் வருகிறேன் என்று தள்ளிக்கொண்டே போய், கடைசியில் சாவுக்குத்தான் வந்தாள். "கண்ணுல வச்சுப் பாத்துக்கிட்டேன்" என்று அன்று அப்பா எல்லோரிடமும் சொன்னார். அவளால் நம்பவும் முடியவில்லை, கேட்கவும் முடியவில்லை. கூட இல்லாதவள் என்னவென்று கேட்பது?

டிஸ்க் டிரைவை இரவல் கொடுத்த கம்ப்யூட்டர் கடைக்காரருக்குப் போன் போட்டாள்.

"கேமராவுக்குள்ளயே போட்டு எடுத்த டிஸ்க்கா? எடுத்து முடிச்சதும் கேமராவுலயே ஒரு பொத்தான அமுக்கிப் பதிவ மூடணும்மா. மூடாம விட்டா கம்ப்யூட்டருக்கு அது வெறும் தட்டுதான். அதே கேமரா இருக்குதா?"

பரணில் இருந்தது. பேட்டரி உப்பிப்போய்க் கிடந்தது. அதைக் கழற்றிவிட்டு ஒயரை நேராகச் செருகியதும் பச்சை விளக்கு எரிந்தது. அதன் குட்டித் திரையில் பாதி கறுத்துப்போயிருந்தது. மீதிப் பாதியில் எழுத்தைத் தேடித் தேடி, கடைக்காரர் சொன்ன பொத்தானை அமுக்கினாள். கேமரா வெகுநேரம் முனகியது. பிறகு டிஸ்க்கைக் கம்ப்யூட்டரில் போட்டால் படம் வந்தது, சத்தம் இல்லை. நெட்டிலிருந்து வேறொரு பிளேயரை இறக்கினாள். சத்தமும் வந்தது.

அவளுக்குச் சின்னப் பிள்ளை போலச் சந்தோஷமாக இருந்தது. ஒழுங்காக ஓடுகிறதா என்று பார்த்துவிட்டு எடுத்துப்போகலாம் என்று இயர்ஃபோனை மாட்டிக்கொண்டாள்.

அம்மா நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். வாய் ஒரு பக்கமாக இழுத்திருந்தது. எதிரே ஒரு கை, தண்ணீர் டம்ளரோடு.

"என்ன வேணும்? சொல்லு." அப்பாவின் குரல். "கையக் காட்டக் கூடாது. வாயத் தொறந்து சொல்லு."

"த... த..."

"தப்பு. மறுபடி."

அம்மா நல்ல கையால் டம்ளரை எட்டிப் பிடிக்கப் பார்த்தாள். டம்ளர் உயரே போனது.

"கையக் கீழ வை!"

அம்மாவின் கண்ணில் நீர் திரண்டது. கேமராவுக்குப் பின்னால் யாரோ மூக்கால் சிரிப்பது போல ஒரு சத்தம்.

அவள் படத்தை நிறுத்தினாள்.

"ஓடுதாம்மா?"

எழுந்து போய்க் கதவருகே நின்றாள். அப்பா தலையணையிலிருந்து தலையைத் தூக்கி, அவள் கையில் என்ன இருக்கிறது என்று பார்த்தார்.

"ஓடலப்பா."

"படம் வேணாம். சத்தம் மட்டும் வந்தாப் போதும்."

"சத்தமும் இல்ல. டிஸ்க் காலி. ஒண்ணுமே பதிவாகல."

'ஒண்ணுமே' என்பதைக் கொஞ்சம் அழுத்திச் சொன்னாள். அது போய்த் தைக்கிற வரைக்கும் நின்று பார்த்தாள்.

"நான்தானே எடுத்தேன்... சிவப்பு லைட்டு எரிஞ்சுதே."

"எரிஞ்சிருக்கும்."

"இன்னொரு தடவ போட்டுப் பாருங்களேன்" என்றாள் நர்ஸம்மா.

"பாத்தாச்சு."

அப்பா சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். வெயில் சாய்வதற்குள், போர்வைக்குள் வலது கால் எதையோ மிதிப்பது போல அழுந்தியது. பிறகு தளர்ந்தது. நர்ஸம்மா குனிந்து பார்த்து, அவர் கண்ணை மூடிவிட்டு, போர்வையை நெஞ்சுவரை இழுத்து ஒழுங்குபடுத்தினாள்.

அண்ணன் வந்து சேர்ந்தான். அப்பாவின் காலைப் பிடித்துக்கொண்டு அழுதான். முகம் கழுவிவிட்டு வந்தவன், மேஜைமேல் இருந்த கம்ப்யூட்டரைப் பார்த்து நின்றுவிட்டான். திரையில் அம்மா அசையாமல் இருந்தாள்.

"அட, ஓட வச்சிட்டியா? என்னால முடியவே இல்ல. அப்பா பாத்தாரா?"

"ம்."

"நல்லவேளை. அந்தத் தண்ணி டம்ளர இப்பவும் எனக்குப் பாக்கப் பிடிக்காது. பேச்சுப் பயிற்சி டீச்சர் கண்டிஷனா சொல்லிட்டாங்க. வாயால கேட்டாத்தான் குடுக்கணும், பாவம் பாத்தா பேச்சு வராதுன்னு. வாராவாரம் வீடியோ எடுத்துக் காட்டணும். என்னால முடியாதுன்னு நான் வெளிய ஓடிட்டேன். அவர்தான் செஞ்சாரு. செஞ்சிட்டு பாத்ரூம்ல குழாயத் தொறந்து விட்டுட்டு அழுவாரு. உனக்குத் தெரியக் கூடாதுன்னுட்டாரு. நீ வேலைய விட்டுட்டு வந்துடுவியாம்."

அவன் இயர்ஃபோனைப் பிடுங்கிவிட்டுப் படத்தை ஓடவிட்டான்.

"த... ண்ணி" என்றாள் அம்மா. "தண்ணி."

டம்ளர் சட்டென்று இறங்கி அவள் உதட்டில் பட்டது. படம் ஆடிச் சரிந்தது. தரையும் நாற்காலிக் காலும் மட்டும் தெரிந்தன. அந்த மூக்குச் சத்தம் மறுபடி கேட்டது. இந்த முறை அது நிற்கவில்லை. அதற்கு மேலாக அம்மாவின் குரல், ஒவ்வொரு எழுத்தாக நகர்ந்து வந்தது.

"ஏ... ன் அழ... றீங்க?"

"சத்தத்தக் கூட்டு. அந்த ரூம்லயும் கேக்கட்டும்" என்றான் அண்ணன்.

அவள் பொத்தானை அமுக்கிக்கொண்டே இருந்தாள். அம்மாவின் குரல் வீடு முழுவதும் நிறைந்தது. திறந்திருந்த கதவு வழியே கட்டில் தெரிந்தது. நர்ஸம்மா பஞ்சைச் சின்னச் சின்னதாகப் பிய்த்து உருட்டிக்கொண்டிருந்தாள். மூக்கில் வைத்தாயிற்று. அப்பாவின் தலையை மெதுவாக ஒரு பக்கமாகத் திருப்பி, காதில் வைத்து அழுத்தினாள்.