இரண்டு பக்கமும் நனையும் தொட்டிகள்

1

இந்தக் கதைக்கு மூலம் நான் கண்ட இரண்டு காட்சிகள். அவ்வளவுதான். எங்கள் மாடிப்படி ஜன்னலிலிருந்து எதிர்வீட்டு முற்றம் தெரியும். அதன் நடுவே வரிசையாகப் பெரிய பிளாஸ்டிக் தொட்டிகள். அவற்றில் ஆளுயரத்தைத் தாண்டிய மூங்கில். ஒரு காலையில் இந்தப் பக்கமிருந்து ஒரு பெண் தண்ணீர் ஊற்றினாள். வேறொரு நாள் மாலையில் அந்தப் பக்கமிருந்து இன்னொருத்தி ஊற்றினாள். மூங்கில் மஞ்சளாகிக்கொண்டிருந்தது. மற்றதெல்லாம் நான் கட்டியது. எங்கேயாவது இடித்தால் பழி என்மேல்.

2

முதல் தொடக்கம்: "மூங்கில் வளைந்துகொடுக்கும், மனிதர்களோ" – அடித்துவிட்டேன். இப்படித் தொடங்கும் கதையை நானே படிக்கமாட்டேன்.

இரண்டாவது: "அக்கா மூங்கில் வாங்கியது தங்கையின் முகத்தைப் பார்க்காமல் இருக்கத்தான்." இது இருக்கட்டும்.

அக்கா மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுப்பவள். வீட்டை இரண்டாகத் தடுத்தபோது முற்றத்தில் மட்டும் சுவர் எழுப்ப இருவருக்குமே மனம் வரவில்லை. பேச்சு ஏன் நின்றது? அம்மாவைக் கடைசிக் காலத்தில் யார் பார்த்துக்கொண்டார்கள் என்பதில் என்று ஒரு பக்கம் எழுதினேன். பிறகு, ஒரு கல்யாணத்தில் வாய் தவறி விழுந்த ஒரு சொல்லால் என்று எழுதினேன். இரண்டுமே பொருந்துகின்றன. அதுதான் பயமாக இருக்கிறது.

(அக்காவைக் கேட்டால், "அவளுக்கே தெரியும்" என்பாள். தங்கையும் அதையேதான் சொல்வாள்.)

3

இலை மஞ்சளாவதைப் பார்த்து அக்கா கூடுதலாக ஊற்றினாள். பிறகு, ஊற்றியது கூடிவிட்டதோ என்று சந்தேகம் வந்து சில நாள் நிறுத்திவிட்டாள். இன்று தொட்டிக்குள் விரலை விட்டால் சேறு. அழுகல் வாடை.

"என்னங்க, இதுக்கு நீங்க தண்ணி ஊத்துனீங்களா?"

"நானா? எனக்குக் குடிக்கிற தண்ணியே நீதான் மொண்டு தரணும்னு ஊரெல்லாம் சொல்லி வச்சிருக்கியே."

"மழையும் இல்ல. பின்ன யாரு ஊத்துறா, பேயா?"

கணவர் செய்தித்தாளை மடித்தார். "உன் தங்கச்சிதான். தினமும் சாயங்காலம் ஊத்துறா. 'வாடிப்போச்சே அத்தான், அக்கா கவனிக்கிறதே இல்லையா'ன்னு கேட்டா."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"உங்க ரெண்டு பேருக்கு நடுவுல நான் எதுக்கு? 'ஊத்தும்மா'ன்னு விட்டுட்டேன்."

"நல்லா விட்டீங்க. மூச்சுமுட்டிச் சாகுது."

(அடிக்குறிப்பு மாதிரி: மூங்கில் இலை தண்ணீர் குறைந்தாலும் மஞ்சளாகும், கூடினாலும் மஞ்சளாகும். இருவருமே தாகம் என்று நினைத்தார்கள்.)

தன்னை மறைக்க வைத்த செடியைத் தங்கை ஏன் காப்பாற்ற வேண்டும்? அவளுக்கும் இந்த முகம் தெரியக் கூடாது என்பதாலா? அக்காவின் செடி என்பதாலா? அக்காவுக்குப் பிடிபடவில்லை. எழுதுகிற எனக்கும்தான்.

4

முடிவுகள்.

கணவர் தூது போகிறார். (வேண்டாம். சேதியைத் தலைகீழாகச் சொல்லிவிட்டு வருவார்.)

மற்றவள் ஊற்றுவாள் என்று நம்பி, இருவரும் ஒரே நாளில் ஊற்றுவதை நிறுத்துகிறார்கள், மூங்கில் காய்கிறது. சிரிப்பு வருகிறது, ஆனால் அதற்குப் பிறகு அந்த வெறும் தொட்டிகளுக்கு மேலாக இரண்டு பேரும் –

இல்லை. மூன்றாவதை எழுதுகிறேன்.

சாயங்காலம். அக்கா முற்றத்தில் நிற்கிறாள். அந்தப் பக்கம் கதவு திறக்கிறது. இலை உதிர்ந்த இடைவெளியில் தங்கையின் கை தெரிகிறது, கையில் குவளை. குவளை சாயப்போகிறது. இத்தனை வருஷத்துக்குப் பிறகு பேசப்போகும் முதல் பேச்சு, தடுக்கிற பேச்சாகத்தான் இருந்தாக வேண்டும். சொல்லாவிட்டால் மூங்கில் போய்விடும். தவறாகச் சொன்னால் தங்கை போய்விடுவாள்.

"போதும்டி. ஊத்தாத."

இதுவரைதான் எழுத முடிந்தது. பக்கத்தில் 'அதட்டினாள்' என்று சேர்க்கிறேன், அடிக்கிறேன். 'கெஞ்சினாள்' என்று சேர்க்கிறேன், அடிக்கிறேன். நீங்கள் அந்த வரியை ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். உங்கள் குரலில் எப்படி வருகிறதோ, தங்கையின் காதில் அப்படித்தான் விழுந்தது.