பள்ளத்துக்கு வக்காலத்து

தெரு வடிவமைப்பாளரின் பெருமை ஒரு வாரம்கூடத் தாங்கவில்லை. பஸ் நிறுத்தத்திலிருந்து எதிரே இருக்கும் எலும்பு வைத்தியசாலையின் வாசலுக்கு நேராக, பளிச்சென்று வெள்ளைக் கோடுகள் போட வைத்தவள் அவள்தான். அந்தக் கோடுகளை ஒரு நாய் மட்டுமே மதித்தது, அதுவும் ஓரமாகப் படுத்துத் தூங்குவதற்கு. மனிதர்கள் எல்லாரும் கொஞ்சம் தள்ளிப் போய், சாலைக்குக் குறுக்கே குழாய் புதைக்கத் தோண்டி அரைகுறையாக மூடிய பள்ளத்தை ஒட்டியே சாலையைக் கடந்தார்கள். முட்டிவலிக்குப் பயிற்சி செய்ய வரும் அவளுடைய அம்மாவும் அதில் அடக்கம்.

“ஏம்மா, பெத்த பொண்ணு போட்ட கோட்டுல நடந்தா குறைஞ்சா போயிடுவே?”

“நான் என்னடி பண்ணட்டும்? காலு தானா அங்கதான் போகுது.”

“வலிக்கிற காலு எதுக்குச் சுத்திக்கிட்டுப் போகுது?”

“அதை நீ காலைத்தான் கேக்கணும்.”

கேட்டே விடுவது என்று மறுநாள் காலையில் பஸ் நிறுத்தத்தில் வந்து உட்கார்ந்தாள். மண்டைக்குள் ஒரு கேள்வி புகுந்துவிட்டால் அவளுக்குச் சோறு இறங்காது. பள்ளத்தின் பக்கம் நிழலா? பேருக்கு ஒரு மரம்கூட இல்லை. நடைபாதை அகலமா? இங்கே இருப்பதைவிடக் குறுகல். முன்னால் போகிறவரைப் பார்த்துப் பின்னால் போகிறார்களா? தனியாக வந்தவரும் அங்கேதான் போனார்.

கால்களையே பார்த்துக்கொண்டிருந்ததுதான் தப்பு. சலித்துப்போய்த் தலையைத் தூக்கியபோது ஒரு காரின் பின்விளக்கு சிவந்தது. அடுத்து ஒரு லாரி. அடுத்து ஒரு பஸ், ஏறக்குறைய நின்றே போனது. பள்ளத்தில் விழப் பயந்து ஒவ்வொரு வண்டியும் பிரேக் போட, அந்த இடைவெளியில் ஜனங்கள் கடந்தார்கள். அவளுடைய கோட்டின் மேலோ எல்லா வண்டியும் பறந்தது. கோடு கெஞ்சியது, பள்ளம் அதட்டியது, அவ்வளவுதான் விஷயம்.

அவள் வாய்விட்டுச் சிரித்தாள். பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தார்.

சிரிப்பு பாதியிலேயே நின்றது. சைக்கிளில் வேலைக்குப் போகும் கணவர், அந்தப் பள்ளத்தில் இடுப்பு கழன்றுவிடும் என்று தினமும் நச்சரித்ததால், அதை மூடச் சொல்லி ஏற்பாடு செய்தவளே அவள்தான். இன்றைக்குத்தான் வேலை. இதோ தார் லாரியும் வந்துவிட்டது. மூடிவிட்டால் வண்டிகள் அங்கேயும் பறக்கும். பழகிப்போன கால்களோ அங்கேதான் போகும், அம்மாவின் கால் உட்பட.

“நிறுத்துங்க! மூடாதீங்க!” என்று ஓடினாள்.

மேஸ்திரி அவளை ஏற இறங்கப் பார்த்தார். “மூடலைன்னு திட்டுறவங்களைத்தாம்மா இத்தனை வருஷமா பாத்திருக்கேன். தார் ஆறிடும், சீக்கிரம் சொல்லுங்க.”

அவள் மேலதிகாரிக்குப் போன் போட்டாள்.

“ஒரு பள்ளத்துக்கு வக்காலத்தா?” என்றார் அவர். முழுசாகக் கேட்டுவிட்டு, “சரி, செய். ஏதாவது ஆச்சுன்னா உன் தலைதான் உருளும்” என்று வைத்துவிட்டார்.

“மூடுங்க, ஆனா மட்டமா வேண்டாம்,” என்றாள் மேஸ்திரியிடம். “மேடாவே ஏத்திடுங்க, மேல அகலமா, ஆள் நடக்குற மாதிரி. ரெண்டு பக்கமும் நல்லாச் சரிவு விடுங்க, பஸ்ல நிக்கிறவங்களைத் தூக்கிப் போடக் கூடாது. ஓரத்துல சைக்கிளுக்கு மட்டும் வழி விட்டுடுங்க. இல்லேன்னா இன்னிக்கு எனக்கு வீட்டுல சோறு கிடையாது.”

“பள்ளத்துக்குப் பதிலா மலையா?” என்று சிரித்துக்கொண்டே மேஸ்திரி ஆட்களைக் கூப்பிட்டார்.

இரண்டு நாள் கழித்து, மேட்டின் மேல் புதுக் கோடுகள் காய்ந்திருந்தன. அம்மா பஸ்ஸிலிருந்து இறங்கினாள். வழக்கம்போலக் கைப்பையை மார்போடு அணைத்துக்கொண்டு, நொண்டியபடியே ஓடத் தயாராகி, சாலையில் காலை வைத்தாள். வேகமாக வந்த வேன் மேட்டைப் பார்த்து வேகம் குறைத்தது, அம்மாவைப் பார்த்து நின்றது. அம்மா ஓடவில்லை. பாதி வழியில் நின்று, குனிந்து, செருப்பு வாரை நிதானமாக மாட்டிக்கொண்டாள்.

‘சீக்கிரம் வாம்மா’ என்று எப்போதும் கத்தும் மகள், எதிர்ப்பக்கம் நின்று, ‘மெதுவாவே வாம்மா’ என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.