ஆமையின் மேல் வைத்த கால்

லைஃப் ஜாக்கெட்டை மாட்டும்போதே மெரினுக்குக் குமட்டியது. யார் யாரோ போட்டுக் கழற்றிய வியர்வை ஊறிப் புளித்த வாடை. கல்யாணமாகி இன்னும் ஒரு மாதம்கூட ஆகவில்லை. உழவர்கரை வீட்டில் விருந்தாளிகள் ஓய்ந்த முதல் ஞாயிறு, சர்ச்சில் பூசை முடிந்ததும் கிளாட்வின் ஆசை ஆசையாக இந்த ஜெட் ஸ்கீ என்னும் கடல் ஸ்கூட்டர் சவாரிக்கு அழைத்துவந்திருந்தான். அவன் முகம் வாடக்கூடாதென்று மூச்சை அடக்கிக்கொண்டு பின்னால் உட்கார்ந்தாள்.

வழிகாட்டி பாலாஜி தன் வண்டியில் முன்னால் போனான். முகத்துவாரத்துத் தீவை ஒரு சுற்றுச் சுற்றி வருவதுதான் பயணம். தண்ணீர் தூரத்தில்தான் நீலம். கிட்டத்தில் கறுப்பும் பச்சையுமாகக் குழம்பிக் கிடந்தது. திருப்பத்தில் வாய்க்குள் அடித்த தண்ணீரில் உப்போடு சாக்கடையும் ருசித்தது. பாதி வழியில் இவர்கள் வண்டி திணறி நின்றது. பாலாஜி திரும்பிவந்து அடியில் கைவிட்டு, ஊறி உப்பிய டயாபர் ஒன்றை உருவி எடுத்து, அதைத் தண்ணீரிலேயே வீசினான்.

"அதையேன் திரும்பவும் தண்ணியில போடறீங்க?" என்றாள் மெரின்.

"பின்ன, வீட்டுக்கா எடுத்துட்டுப் போவ முடியும் மேடம்?"

கிளாட்வின் விழுந்து விழுந்து சிரித்தான்.

தீவின் மறுபக்கம் இறங்கினார்கள். மணலில் பெரிய கடலாமை ஒன்று செத்து ஒதுங்கியிருந்தது. கழுத்து வீங்கி, கண் இருந்த இடத்தில் ஈ மொய்த்தது.

"சார், அது மேல கால வெச்சு நில்லுங்க. வர்றவங்க எல்லாரும் எடுப்பாங்க," என்று பாலாஜி போனை வாங்கினான்.

"வேணாங்க. பாவம், செத்துக் கெடக்குது."

"செத்ததுக்கு என்ன மெரின் வலிக்கப்போவுது? நீயும் வந்து நில்லு."

அவனுக்காக மெரின் போய் நின்றாள். படம் எடுத்தாயிற்று. அதோடு விடாமல் கிளாட்வின் இரண்டு காலையும் தூக்கி மேலே ஏறினான். ஓடு வழுக்கியது. ஒரு கால் ஆமையின் பக்கவாட்டைக் கிழித்துக்கொண்டு வயிற்றுக்குள் முழங்கால்வரை இறங்க, கறுப்பாக ஏதோ பீறிட்டது. நாற்றம் மண்டையைப் பிளந்தது. பாலாஜி மூக்கைப் பொத்திக்கொண்டு சிரித்தான். மெரின் காலையில் தின்றதையெல்லாம் வாந்தியெடுத்தாள்.

காலை உருவிய கிளாட்வின், "சனியனே!" என்று ஆமையின் தலையை எட்டி உதைத்தான். திரும்பவும் உதைத்தான்.

நாற்றத்தைக்கூடச் சகித்திருப்பாள். அந்த உதையைத்தான் சகிக்க முடியவில்லை.

கடலில் கால் கழுவிவந்து, "ஏறு, போவலாம்," என்றான்.

"உங்க பின்னாடி உக்கார மாட்டேன்."

"இப்பதான கழுவினேன்? நாத்தம் போயிடுச்சு."

"அதுக்கில்ல." பாலாஜியிடம் திரும்பினாள். "இவர உங்க வண்டியில ஏத்திக்குங்க. நான் ஓட்டிட்டு வரேன்."

பாலாஜி மறுக்கத்தான் வாயெடுத்தான். அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, சாவிக் கயிற்றை அவள் மணிக்கட்டில் மாட்டினான். "மெதுவா என் பின்னாடியே வாங்க மேடம்."

தினமும் உள்ளூர் மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டைக் கம்பெனிக்கு ஸ்கூட்டர் ஓட்டிய கை. பாலாஜியின் பின்னாலேயே ஓட்டிக் கரை வந்து சேர்ந்தாள்.

சாயங்காலம் கிளாட்வின் போனை நீட்டினான். "எவ்ளோ லைக் பாரு!" ஆமைமேல் கால் வைத்து அவன், பக்கத்தில் பல்லெல்லாம் தெரியச் சிரித்தபடி அவள். கல்யாண மேடையில் சிரித்துச் சிரித்துப் பழகிய அதே சிரிப்பு. அவன்மேல் இருந்த அருவருப்பு அப்படியே தன்மேல் திரும்பியது.

போனைப் பிடுங்கிப் படத்தை அழித்தாள்.

"பைத்தியமா உனக்கு? என்னதான் ஆச்சு?"

அவள் அடுப்படிக்குப் போய்த் தனக்கு மட்டும் ரசம் சூடுபண்ணினாள்.